ஓம் எழுதிய சுவர்

சுவர் மூச்சு விட்டது.

பகல் பதினோரு மணி இருக்கும். வெளியே நல்ல வெயில், கொஞ்சம் காற்று. நான் கையில் காபி டம்ளரோடு அந்தச் சின்ன அறையின் வாசலில் நின்றிருந்தேன். எதிர்ச் சுவர் மெதுவாக உப்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக உள்ளே போனது. வால்பேப்பரில் இருந்த சாயம்போன ரோஜாப்பூக்கள் எல்லாம் ஒன்றாக முன்னால் வந்து, ஒன்றாகப் பின்னால் போயின.

நான் கத்தவில்லை. கத்தினால் என் வீட்டுக்காரர் பிரகாஷ் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். காபியைத் தரையில் வைத்துவிட்டு, கிட்டே போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுவர் என் கையைத் தள்ளியது. தூங்குகிற ஆளின் வயிற்றில் கை வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து நாலாவது நாள் அது.

போன வாரம் இந்த வீட்டை வாங்கிய கூத்தை எழுதியிருந்தேன். கூடவே வந்த படங்களைப் பார்த்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: எல்லா அறையும் வெள்ளை வெளேரென்று இருக்கிறதே, உங்கள் மகளின் அறையில் மட்டும் ஒரு சுவரில் ஏன் பழைய பச்சைக் காகிதம்? அது என்ன கண்ணோ அம்மா உங்களுக்கு! அந்தச் சுவரைப் பற்றி எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டீர்கள், இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. கதைக்குச் சொந்தக்காரரிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். "எழுதுங்கோ, பேரை மட்டும் மாத்துங்கோ" என்றார். மாற்றிவிட்டேன்.

சாக்குத் துணிச் சுவர்

எங்கள் வீடு ஆக்லாந்தில், ஓனிஹங்காவில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் வயசான மர வீடு. இந்த மாதிரி வீடுகளில் உள்சுவர் என்பது சுவரே இல்லை. பலகை அடித்து, அதன்மேல் சாக்குத் துணியை இழுத்து ஆணி அடித்து, அதன்மேல் காகிதம் ஒட்டியிருப்பார்கள். தரைக்கு அடியிலிருந்து காற்று ஏறி, பலகை இடுக்கில் புகுந்து, துணியைத் தள்ளும். அதுதான் மூச்சு. பிரகாஷ் பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பையன் மாதிரி வந்து சொன்னார்.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று யார் சொன்னார்களோ, அவர்களை ஒரு நாள் அந்த அறையில் உட்காரவைக்க வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அப்படிப்பட்ட சுவரைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

தெரிந்தவர்கள் எல்லோரும் பிளாட் புஷ் என்கிற புறநகரில் புது வீடு வாங்கி, சூடும் குளிரும் ஒட்டாத சுவர்களுக்குள் சுகமாக இருக்கிறார்கள். நான்தான் பழைய வீடுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். உயரமான கூரை, கதவு முழுக்க வேலைப்பாடு, மேலும் கீழும் தள்ளித் திறக்கிற ஜன்னல். பார்த்ததும் விழுந்துவிட்டேன். வசந்தி அக்கா, பிளாட் புஷ்காரர், என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "இங்கே எத்தனை பேர் செத்திருப்பாங்களோ, விசாரிச்சியாடி?"

எங்கள் மகள் கயலுக்கு அப்போது ஆறு வயசு. அவளுக்கு வீசிங் உண்டு. குளிர் ஏறினால் நெஞ்சில் விசில் அடிக்கும். அவளுக்கு ஒதுக்கியது அந்தச் சின்ன அறை. எனக்கும் பிரகாஷுக்கும் ஒப்பந்தம் இதுதான்: குளிர்காலம் வருவதற்குள் சாக்கையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு, உள்ளே பஞ்சு அடைத்து, ஜிப் என்று இங்கே எல்லோரும் சொல்கிற பிளாஸ்டர் பலகையை அடிக்க வேண்டும். கயல் அந்த அறையில் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அது நடக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு நாங்களும் பிளாட் புஷ்ஷுக்கு வண்டி ஏறிவிட வேண்டும். நான் வாயைக் கொடுத்து ஒப்புக்கொண்டேன்.

எதைப் போட்டு?

வேலைக்கு ஆள் வேண்டும் என்று தமிழ் வாட்ஸப் குழுவில் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கூப்பிட்டார். சிவநேசன் என்று பேர். அறுபது வயசு இருக்கும், முப்பது வருஷமாக இங்கே இருக்கிறவர், பழைய மர வீடுகளில் கைதேர்ந்தவர்.

தெருப் பேரையும் நம்பரையும் சொன்னேன். போனில் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு கேட்டார், பின்னால் எலுமிச்சை மரம் இன்னும் நிற்கிறதா என்று. நிற்கிறது என்றேன். ஆக்லாந்தில் பழைய வீடு என்றால் பின்னால் ஒரு எலுமிச்சை மரம் நிற்கும்தான். அதனால் அந்த 'இன்னும்' என் காதில் ஏறவே இல்லை.

மறுநாள் வந்தார். ஒல்லியான மனுஷர், காதில் பென்சில். நடைவழியில் ஒரு பலகை இற்றுப்போய்க் கிடந்தது, மிதித்தால் கால் உள்ளே போய்விடும். எனக்கே இரண்டு தடவை போயிருக்கிறது. "பாத்து..." என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் அதைத் தாண்டிவிட்டார். கீழே பார்க்கவில்லை, பேசிக்கொண்டே தாண்டினார். மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்காமல் நேராகப் போய்க் கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் திறந்தார். பின்பக்கத்துத் தாழ்வான நிலைப்படியில் தானாகத் தலை குனிந்தார்.

எனக்கு என்னவோபோல் இருந்தது. நம் வீட்டைப் பற்றி நமக்குத் தெரியாதது இன்னொருத்தருக்குத் தெரிந்தால் வருகிற சங்கடம். பிரகாஷிடம் சொன்னேன். முப்பது வருஷ அனுபவம், எல்லாப் பழைய வீடும் ஒரே மாதிரிதானே என்றார். அவர் காதில் எதையும் போட்டுக்கொள்ள மாட்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது சிவநேசன் அண்ணன், "அப்ப போட்டு வாறன் தங்கச்சி" என்றார். எதைப் போட்டு என்று நான் விழித்தேன். நாம் 'போயிட்டு வரேன்' என்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்களாம். அன்றிலிருந்து தினமும், "என்னண்ணா, இன்னைக்கு எதைப் போட்டீங்க?" என்று கேட்பேன். சிரிப்பார். போனில் யாரிடம் பேசினாலும் 'ஓம், ஓம்' என்பார். அது நம்ம 'ஆமா'. பேச்சை அவர்கள் கதை என்பதும், பேசுவதைக் கதைக்கிறது என்பதும், பைத்தியத்தை விசர் என்பதும் அப்போதுதான் எனக்குப் பழக்கமானது.

ஒன்று மட்டும் கவனித்தேன். வீடு முழுக்க நடந்து அளவெடுத்தவர் கயலின் அறைக்குள் மட்டும் காலை வைக்கவில்லை. வாசலில் நின்றே டேப்பை நீட்டினார்.

கயலின் இடக்கை

இங்கே பிறந்த பிள்ளைகளிடம் நாம் தமிழில் கேட்போம், அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். கயலும் அப்படித்தான். அவள் வாயில் ஆமா வராது, 'யெப்' தான். இல்லை என்பதற்கு 'நா'.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை. காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிடுவேன். கிளம்பும் முன் அவள் அறை வாசலில் நின்று, "அம்மா போயிட்டு வரட்டா?" என்று கேட்பது வழக்கம். போர்வைக்குள்ளிருந்து ஒரு 'யெப்' வரும்.

ஒரு நாள் 'யெப்' வரவில்லை. "ஓம்" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது உள்ளங்கை மட்டும் சுவரில், ரோஜாப்பூக்களின் மேல் பதிந்திருந்தது. கயல் எழுதுவது, சாப்பிடுவது, பந்து எறிவது எல்லாம் வலது கையால்தான். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. பிள்ளை என்னமோ அழகாகச் சொல்லுதே என்று சிரித்துக்கொண்டே போய்விட்டேன். அதற்கப்புறம் பல காலைகளில் அந்த 'ஓம்'தான்.

சிவநேசன் அண்ணன் பேசுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள் என்பது பிரகாஷின் கட்சி. அவர் வேலைக்கு வருவதற்கு முந்தின வாரம் இது நடந்தது என்பது என் கட்சி. இன்றைக்கு வரை எங்கள் வீட்டில் இதற்காகச் சண்டை நடக்கிறது. நான் தேதி எழுதி வைக்கிற ஜாதி இல்லை, அதனால் எப்போதும் தோற்றுப்போகிறேன்.

பிறகு ஒரு காலை. வாசலில் நின்று அதே கேள்வி கேட்டேன். கயலின் இடக்கை சுவரில் கொஞ்ச தூரம் நகர்ந்தது. காகிதத்தின்மேல் அது உரசுகிற சத்தம் கேட்டது. கால்பக்கமாகப் போய் ஓரிடத்தில் நின்றது.

"இல்லை" என்றாள். 'இல்ல' என்று நாம் விழுங்குவது மாதிரி இல்லை. எழுத்தைப் பார்த்துப் படிப்பது மாதிரி, முழுசாக.

எனக்கு நேரமாகிவிட்டது. "என்னடி இல்லை? காலங்காத்தால!" என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். லேபில் கை வேலை செய்கிறது, மனசு அங்கே இல்லை. மூன்று தடவை பிரகாஷுக்குப் போன் செய்தேன். கயல் நன்றாகத்தான் இருந்தாள், ஸ்கூலுக்குப் போய்விட்டாள், ஒன்றும் ஆகவில்லை.

சாக்குப்போக்கு

முன்னறை முடிந்தது. எங்கள் படுக்கையறை முடிந்தது. நடைவழி, அடுக்களை எல்லாம் முடிந்தது. சிவநேசன் அண்ணனின் கை அப்படிச் சுத்தம். கயலின் அறையிலும் மூன்று சுவரை, நான் வேலையிலிருந்த ஒரே பகலில் அவசர அவசரமாக முடித்துவிட்டார். நாலாவது சுவர் மட்டும் நின்றது. கட்டிலை ஒட்டிய சுவர். மூச்சு விடுகிற சுவர்.

கேட்டால் காற்றில் ஈரம் என்பார். அடுத்த வாரம் கேட்டால் பலகையில் பூச்சி இருக்கும்போல, மருந்து அடிக்க வேண்டும் என்பார். அதற்கடுத்த வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. சாக்குச் சுவருக்குச் சாக்குப்போக்கு. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. காலையில் புல்லில் வெள்ளையாகப் பனி விழ ஆரம்பித்துவிட்டது. கயலின் நெஞ்சில் விசில் கேட்டது. பிரகாஷ் பிளாட் புஷ் வீடுகளைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. கயல் ஸ்கூலில், பிரகாஷ் ஆபீஸில். இன்னைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று கட்டிலை இழுத்துப்போட்டேன். வாளியில் சுடுதண்ணீர், ஸ்பாஞ்ச், தோசைக்கரண்டி. தலைமாட்டுப் பக்கமிருந்து ஆரம்பித்தேன்.

ரோஜாப்பூக் காகிதம் ஒட்டியிருந்த லட்சணத்தைப் பார்த்தால், தொழில் தெரிந்தவன் ஒட்டினது இல்லை. கோணல்மாணலாக, நடுவில் காற்றுக் குமிழி, ஓரத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. நனைத்ததும் தோலுரிகிற மாதிரி வந்தது. அடியில் இன்னொரு காகிதம், வெளிர் பச்சையில்.

தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. இன்னும் கொஞ்சம் உரித்தேன்.

ஓம்.

தமிழில். ஆக்லாந்தில், நூறு வருஷ வெள்ளைக்காரன் வீட்டில், காகிதத்துக்கு அடியில், தமிழில்.

ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு எழுத்தைச் சுற்றிக் காகிதம் பழுப்பேறி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, நடுவில் தேய்ந்து நூல் தெரிந்தது. விரல் பட்ட இடங்கள். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது. சுவர் உப்பியது. ஓம் என் முகத்துக்குக் கிட்டே வந்து, திரும்பிப் போனது.

குங்குமம்

அப்புறம் நான் செய்ததை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

குளித்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். சந்தனம் குழைத்து, அந்த ஓம் நடுவில் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். விளக்கேற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மிச்சப் பாதிச் சுவரை உரிக்கத் தைரியம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். வசந்தி அக்காவுக்குப் படம் அனுப்பினேன்.

அக்காவுக்கு அனுப்பினால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. சனிக்கிழமை காலை பதினோரு பேர் தேங்காய் பழத்தோடு வந்து நின்றார்கள். எப்சமில் இருந்து ஒரு குடும்பம் பட்டுப்புடவையில் வந்திருந்தது. முழங்கால் உயரம் என்பதால் எல்லோரும் தரையில் குந்திக் கும்பிட்டார்கள். யாரோ உட்கார்ந்து ஜபம் பண்ணியிருக்கிறார், விரல் வைத்து எண்ணியிருக்கிறார், அதுதான் இந்தத் தேய்மானம் என்று அக்கா விளக்கம் சொன்னார். வீட்டையே சந்தேகப்பட்ட அதே வாய்.

நானும் தலையாட்டினேன். கயல் இத்தனை நாள் ஓம் சொன்னதற்கு இதுதான் அர்த்தம், என் பிள்ளைக்குக் காவல் இருக்கிறது என்று கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணன் வாயிலிருந்து தினம் காதில் விழுந்த ஓமையும் கண்ணில் பட்ட ஓமையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. சுவரில் ஓம் என்றால் சாமி. வேறென்ன?

சிவநேசன் அண்ணன் ஏணியை எடுத்துப்போக வந்தார். இத்தனை செருப்பு வாசலில் கிடக்கவும் உள்ளே வந்து, கயலின் அறை வாசலில் நின்றார். நான் பார்க்க முதல் தடவையாக உள்ளே காலை வைத்தார். கூட்டம் வழிவிட்டது.

கிட்டே போய்க் குந்தினார். கும்பிடப்போகிறார் என்று நினைத்தேன். பெருவிரலால் குங்குமத்தைத் துடைத்தார். போகவில்லை. சட்டை நுனியை எச்சில் தொட்டு, திரும்பத் திரும்பத் துடைத்தார். சிவப்பு எழுத்து முழுக்கப் பரவியது.

வசந்தி அக்கா சிவ சிவா என்றார். அண்ணன் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். ஏணியைக்கூட எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் 'போட்டு வாறன்' சொல்லாமல் போனது.

எனக்கு வந்ததே கோபம். என் வீடு, என் சுவர், நான் வைத்த குங்குமம். போன் செய்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று துடித்தேன். அவர் போனை எடுக்கவே இல்லை. இரண்டு வாரம் போனது. கயலை எங்கள் அறையில் படுக்கவைத்தோம். காலையில் போய்ப் பார்த்தால் தன் அறைக் கட்டிலில் கிடப்பாள், இடக்கை சுவரில் இருக்கும். பிரகாஷ் வீட்டு ஏஜென்டிடம் பேசிவிட்டார்.

மிச்சப் பாதி

ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு தட்டினார். எனக்கு அன்று மதிய ஷிஃப்ட். கயல் ஸ்கூலுக்குப் போயாயிற்று. இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு வாளி சுடுதண்ணீர் கேட்டார்.

தானே நனைத்து, தானே உரித்தார். கால்பக்கத்துப் பாதி. ரோஜாப்பூக் காகிதம் கீழே விழ விழ நான் கிட்டே போனேன். அதே உயரம், அதே கறுப்பு எழுத்து. 'ஓம்'முக்கு ஒரு முழம் தள்ளி.

இல்லை.

கயலின் கை உரசிக்கொண்டே போய் நின்ற இடம் அதுதான்.

"அது மந்திரம் இல்லை தங்கச்சி" என்றார் அண்ணன். "நீங்கள் ஆமா எண்டுவியள் எல்லோ, அதுதான் அது."

தரையில் உட்கார்ந்து சொன்னார். நானும் உட்கார்ந்தேன். அவரும் மனைவி ரஞ்சியும் இந்த நாட்டுக்கு வந்த புதுசில் இந்த வீட்டில் இந்த ஒரு அறையில் வாடகைக்கு இருந்திருக்கிறார்கள். அகதி மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம். வந்த ஒரு வருஷத்தில் ரஞ்சிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கதை நின்றுவிட்டது. இடக்கை மட்டும் ஆடும். கட்டிலைச் சுவரோரமாகப் போட்டு, தான் வேலை பார்த்த பென்ரோஸ் வெயர்ஹவுஸில் பெட்டிமேல் எழுதுகிற மார்க்கரைக் கொண்டுவந்து, கை எட்டுகிற உயரத்தில் இரண்டு சொல் எழுதினார். தண்ணி வேணுமா, குளிருதா, ஊருக்குக் கடிதம் போடவா. ரஞ்சி கையை வைப்பார்.

"வேலைக்குப் போக முதல் கேட்பன், 'போட்டு வரட்டே?' எண்டு. அவ ஓமில கை வைச்சாத்தான் வெளிக்கிடுவன். ஒவ்வொரு நாளும்."

காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அண்டைக்குக் கையை இல்லையில வைச்சவ. திரும்பக் கேட்டன். திரும்பவும் அதில. வெளியில வேலைக்கு ஏத்திற வான்காரன் ஹோர்ன் அடிக்கிறான். அந்த வேலை போனால் எங்களுக்கு வேற வழியில்லை. 'விசர்க்கதை கதையாதை' எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிட்டன். கதைக்க ஏலாத மனிசியைப் பார்த்துச் சொன்னனான் தங்கச்சி."

பத்து மணிக்குக் கஞ்சி கொடுக்க வந்த பக்கத்து வீட்டு சமோவாத் தீவுக்கார அம்மா பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கை 'இல்லை'யின்மேலேயே இருந்ததாம்.

வீட்டுச் சொந்தக்காரன் சுவரைப் பார்த்தால் ஏசுவான் என்று ஒரு சுருள் வால்பேப்பர் வாங்கி அவரே ஒட்டியிருக்கிறார். உண்மையில் அந்த 'இல்லை'யைப் பார்க்க முடியாமல்தான். தச்சு வேலை தெரியாத காலம், அதுதான் அந்தக் கோணல். போனில் வீட்டின் முகவரியைக் கேட்டதும், வேறு ஆட்கள் அதைப் பிய்த்து எறியக் கூடாது, தானே செய்துவிடலாம் என்று வந்திருக்கிறார். வந்தால் முடியவில்லை.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஒரு மனுஷியின் 'ஆமா'வுக்குக் குங்குமம் வைத்து, பதினோரு பேரைக் கூட்டித் தேங்காய் உடைத்திருக்கிறேன். மன்னிச்சிருங்கண்ணா என்று அழுதுவிட்டேன்.

"அவ பொட்டோடதான் போனவ. நீங்கள் வைச்சது பிழையில்லை. எனக்குத்தான் பார்க்க ஏலாமல் போச்சு" என்றார்.

இருக்கிறன்

கயலின் கையைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று தோன்றியது.

அண்ணன் எழுந்தார். பையை மாட்டிக்கொண்டார். சுவரைப் பார்த்து நின்று, மெதுவான குரலில் கேட்டார்.

"ரஞ்சி, போட்டு வரட்டே?"

காத்திருந்தார். அன்றைக்குக் காற்றே இல்லை. சுவர் அசையவில்லை. தெருவில் ஒரு கார் போனது, பிறகு அதுவும் இல்லை. நான் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, என் கால் மரத்துவிட்டது.

"சரி" என்றார். "அப்ப இருக்கிறன்."

பையை இறக்கி வைத்துவிட்டு, சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார்.

லேபுக்குப் போன் செய்து லீவு சொன்னேன். பால் இல்லாத தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். மத்தியானம் சோறும் பருப்பும் கொடுத்தேன், சாப்பிட்டார். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து, அவர் கால்மேல் ஏறி, சுவருக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய ஒரு பகல் முழுவதும் அவர் அங்கே இருந்தார். நான் அடுக்களையில் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் கழுவினேன்.

மூன்று மணிக்குமேல் பிரகாஷ் கயலைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரிடம் நடைவழியில் வைத்துக் காதோடு காதாகச் சொன்னேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில் கயல் தன் அறைக்குள் போய்விட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

ஸ்கூல் பை தோளில் இருக்க, அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கயலுக்கு ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வர மாட்டேன் என்று அழுது புரண்டு சாதித்தவள். இந்தக் கதையும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தார். பெரியவர்கள் பிள்ளைகளிடம் சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டார். "என்ன பிள்ளை, நான் போட்டு வரட்டே?"

கயல் 'யெப்' சொல்லவில்லை. அவரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு குந்தி, இடக்கையை எடுத்து 'இல்லை'யின்மேல் வைத்தாள். கை காகிதத்தில் உரசிக்கொண்டே நகர்ந்தது. ஒரு முழம். குங்குமம் கலைந்து கிடந்த அந்த இடத்துக்கு வந்து, அழுத்தி நின்றது.

வாய் திறக்கவில்லை.

அந்தச் சுவருக்குள் இப்போது பஞ்சு இருக்கிறது. வெளிப்பக்கத்துப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே காகிதத்தில் ஒரு கீறல் விழாமல், அண்ணன்தான் வெளியிலிருந்தே அடைத்துக் கொடுத்தார். கயல் அங்கேதான் தூங்குகிறாள், விசில் இல்லாமல். சுவர் இனி மூச்சு விடக்கூடாது. பெரும்பாலும் விடுவதில்லை. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அண்ணன் அந்தச் சின்னக் கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலைப் பிடித்து மெதுவாக எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அப்ப போட்டு வாறன்" என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.